எந்தத் தேதியிலேர்ந்து?

போன மாசம் கீரப்பாளையம் போயிருந்தப்போ பெரியப்பா ஒரு பழைய மஞ்சப்பையை எடுத்துக் கொட்டினார். அத்தனையும் பென்ஷன் காகிதம். பட்டாளத்துல முழங்கால் போய் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். "கால் எந்த வருஷம் போச்சுன்னு ஊருக்கே தெரியும்டா. பணம் எந்த வருஷத்துலேர்ந்துங்கறதுதான் யாருக்கும் தெரியல" என்றார். அதைத் தேடப் போனதில் சிக்கியதுதான் இந்தப் பதிவு.

1961-ஆம் வருஷத்து ராணுவ ஓய்வூதிய விதிகள்படி ஊன ஓய்வூதியத்துக்கு ரெண்டு நிபந்தனை. ஊனம் பணியால வந்திருக்கணும், இல்லை பணியால மோசமாகியிருக்கணும். அப்புறம் அது 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தகுதி இருந்தா படையை விட்டு வந்த மறுநாள்லேர்ந்தே கணக்கு. பிரச்சினை எங்கேன்னா, "பணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை"ன்னு ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிட்டா, அந்த ஜவான் எத்தனை வருஷம் கழிச்சு மறுபடி கதவைத் தட்டுவார்ங்கறதுல!

அப்படித் தட்டினவர் தர்சேம் சிங். 1983 நவம்பர்ல உடல் தகுதி இல்லைன்னு படையிலேர்ந்து விடுவிக்கப்பட்டார். ஹைகோர்ட்டுக்குப் போனது 1999-ல. பதினாறு வருஷம்! தனி நீதிபதி பென்ஷன் உண்டுன்னார், ஆனா நிலுவை வழக்குக்கு முந்தின 38 மாசத்துக்கு மட்டும். அதை எதிர்த்து அப்பீல் போட்டார். 2006-ல டிவிஷன் பெஞ்ச், 1983-லேர்ந்தே கொடுங்கன்னு தீர்ப்பு சொன்னது. மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு.

2008 ஆகஸ்ட்டில் வந்த தீர்ப்பில் நீதிபதி ரவீந்திரன் பெஞ்ச் சொன்னது இதுதான்: மாசாமாசம் பென்ஷன் கொடுக்காதது தொடர்ந்து நடக்கிற தவறு, அதனால தாமதமா வந்தாலும் வழக்கை விரட்ட முடியாது. ஆனா பழைய பாக்கியைப் பொதுவா மூணு வருஷத்துக்கு மேல பின்னாடி இழுக்க முடியாது. பெஞ்ச் அந்த 38 மாசத்தையே உறுதி பண்ணிடுச்சு. பன்னெண்டு வருஷத்துக்கு மேல பாக்கி காற்றோட போச்சு. கடைமடைக்காரன் கதைதான்... மதகு திறந்தா இனிமே வர்ற தண்ணி உண்டு, காய்ஞ்சு போன சாகுபடிக்கு இல்லை.

கோர்ட் பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. ரொம்ப காலம் தூங்கிட்டு வந்தா அரசாங்கம் எந்தக் காகிதத்தை வச்சு வாதாடும்? சரிதான். ஆனா இடுப்பு ஒடிஞ்சு ஊருக்கு வந்த ஒரு சிப்பாய்கிட்ட ஹைகோர்ட்டுக்குப் போகலாம்னு யார் வந்து சொன்னாங்க? இவங்களுக்குன்னு தனி தீர்ப்பாயச் சட்டம் வந்ததே 2007-ல. சென்னையிலயும் அதுக்கு ஒரு பெஞ்ச் இருக்கு.

அமெரிக்காவுல கோடு வேற மாதிரி. விலகின ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டா, விலகின மறுநாள்லேர்ந்து பணம். அதுக்கப்புறம் போட்டா பொதுவா மனு போய்ச் சேர்ந்த தேதிதான். ஆக அங்கேயும் லேட்டா வந்தவனுக்கு நஷ்டம்தான், ஆனா கணக்கு முன்கூட்டியே தெரியும்.

இங்கே இன்னொரு தேதிக் கூத்தும் உண்டு. 50-க்குக் குறைவான ஊனத்தை 50 சதவீதமாகவும், 50-லேர்ந்து 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதுக்கு மேல 100 ஆகவும் எடுத்துக்கலாம்னு 2001 ஜனவரியில அரசு உத்தரவு போட்டது. நடைமுறை 1.1.1996-லேர்ந்து. ஆனா உடல் தகுதி இல்லைன்னு பாதியில அனுப்பப்பட்டவங்களுக்குத்தான். பணிக்காலம் முடிச்சு ஊனத்தோட ஓய்வு பெற்றவங்களுக்கும் உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2014 டிசம்பர்ல, ராம் அவ்தார் வழக்கில்.

இதையெல்லாம் பெரியப்பாகிட்ட சொன்னேன். அந்த 2008 தீர்ப்புல இன்னொரு வரி இருக்கு, கோரிக்கை வச்ச தேதியையும் கோர்ட் பார்க்கும்னு. அதைக் கேட்டதும் மஞ்சப்பையை மறுபடி தரையில கவிழ்த்தார். முதல் மனுவோட ரிஜிஸ்டர் தபால் ஒப்புகை அட்டை எங்கேயோ இருக்காம். ரெண்டு பேரும் ராத்திரி பத்து மணி வரைக்கும் தேடினோம். கிடைச்சது, முத்திரையில் வருஷம்தான் பாதி அழிஞ்சிருக்கு.