பெங்களூருச் சிறையும் அதைப் படித்தோரும்

மைசூர் நாடு ஆங்கிலேய ஆணையர்களின் நேரடி ஆட்சியில் இருந்த 1860களில், பெங்களூருவின் நடுவே, இன்று சேஷாத்ரி சாலை செல்லும் இடத்தை ஒட்டி மத்தியச் சிறை எழுந்தது. நடுவில் ஒரு காவல் கோபுரம் நிற்க, அதைச் சுற்றி ஆரைகளாக விரிந்த கொட்டடிகளைக் கொண்ட அந்தச் சிறையை, ஜெரமி பெந்தம் 1791இல் வெளியிட்ட 'பனாப்டிகன்' திட்டத்தோடு, அதாவது கைதி தன்னைக் காவலர் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதாகவே எண்ணி அடங்கியிருக்கும்படி வகுத்த கட்டட முறையோடு, சேர்த்துப் பேசுவது வழக்கம். பெந்தம் வரைந்தது வட்டமான ஒரே கட்டடம் என்பதால் இந்த உறவு சற்றுத் தொலைவானதுதான். ஆயினும் ஓரிடத்தில் நின்றபடியே அனைவரையும் கண்காணிக்க வேண்டும் என்ற நோக்கம் இரண்டுக்கும் பொது.

அக்காலத்தில் சிறையைப் பற்றிய அறிவு என்பது பெரும்பாலும் விதிநூல் அறிவே. மெக்காலேயின் தூண்டுதலால் 1836இல் அமைந்து 1838இல் அறிக்கை அளித்த குழு, கைதிக்குக் கல்வி புகட்டித் திருத்தலாம் என்ற எண்ணத்தையே ஒதுக்கிவிட்டு, சலிப்பூட்டும் கடும் உழைப்பைப் பரிந்துரைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கென இயற்றப்பட்ட 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமும் ஒழுங்கு, உழைப்பு, தண்டனை ஆகியவற்றையே விரிவாக வகுத்தது. கண்காணிப்பாளர் பதவியில் அரசு மருத்துவர்கள் அமர்வதும், நெடுங்காலத் தண்டனை பெற்ற கைதிகளையே மற்றக் கைதிகளுக்குக் காவலாக நிறுத்துவதும் இந்தியச் சிறைகளில் பரவலாக இருந்தமையால், சிறைப்பணி தனியே கற்க வேண்டிய தொழில் என்ற கருத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. திருத்தமும் சிறையின் நோக்கங்களுள் ஒன்று, அதற்குப் பயிற்சி பெற்ற பணியாளர் தேவை என்று அழுத்திச் சொன்னது, அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919–20இல் ஆய்வு செய்த இந்தியச் சிறைகள் குழுவாகும்.

விடுதலைக்குப் பின்னரே அக்கருத்து வகுப்பறையை எட்டியது. ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநராக 1951–52இல் இந்தியா வந்த அமெரிக்கக் குற்றவியலாளர் வால்டர் ரெக்லெஸ் சிறை நிர்வாகத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதியதோடு, பம்பாயின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் பங்கேற்றார். குற்றம் ஏன் நிகழ்கிறது என ஆராயும் குற்றவியலும், தண்டனையின் நோக்கத்தையும் விளைவையும் ஆராயும் தண்டனையியலும் இவ்வாறு பாடங்களாக உருப்பெற்றன. 1959இல் சாகர் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை தொடங்கியது, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வழியில் சென்றது. கர்நாடகத்தில் இக்கல்வி வேரூன்றிய இடம் தலைநகர் அன்று, வடக்கே உள்ள தார்வாட்; அங்குள்ள கர்நாடகப் பல்கலைக்கழகமே குற்றவியலையும் தடய அறிவியலையும் ஒரு துறையாக வளர்த்தது.

சிறை அலுவலர்களோ கிழக்கு நோக்கிச் சென்றனர். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும் கூடி 1979இல் வேலூரில் ஏற்படுத்திய சீர்திருத்த நிர்வாக நிறுவனம், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், பழைய மத்தியச் சிறையைக் கொண்ட ஓர் ஊரில் அமைந்தது. விதிநூலோடு உளவியல், சமூகப்பணி, தண்டனையியல் ஆகியவற்றையும் சிறை அலுவலர் கற்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த அந்த ஏற்பாடு, மொழியாலும் நிர்வாகத்தாலும் வேறுபட்ட நான்கு மாநிலங்களின் சிறைத்துறைகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது என்ற அளவில் அரிய சாதனையே.

இதற்குச் சற்று முன்னர், பாடத்திட்டம் எதுவும் வகுக்காத வேறொரு கல்வி பெங்களூருச் சிறைக்குள் நடந்திருந்தது. 1975 ஜூன் 25இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது, நாடாளுமன்றக் குழுப் பணிக்காக நகரில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர்கள் வாஜ்பாயும் அத்வானியும் கைதாகி அச்சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களைவிடக் கடுமையான அனுபவம் நடிகை சினேகலதா ரெட்டிக்கு நேர்ந்தது. சென்னையின் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவை உருவாக்கியோருள் ஒருவரும், 1970இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் நடித்தவருமான அவர், ஆஸ்துமா நோயாளியாக 1976இல் சிறைப்பட்டு, உடல்நிலை சீர்குலைந்தபின் பரோலில், அதாவது தற்காலிக விடுப்பில், வெளியே அனுப்பப்பட்டு, 1977 ஜனவரி 20இல் இறந்தார். தம் நிலையோடு நில்லாமல் உடனிருந்த ஏழைப் பெண் கைதிகள் நடத்தப்பட்ட விதத்தையும் கவனித்து அவர் எழுதிய சிறைக்குறிப்புகள், கோபுரத்தின் மேலிருந்து காண இயலாதவற்றைக் கொட்டடிக்குள்ளிருந்து பதிவு செய்தன. சிறையியல் பயிலும் மாணவருக்கு எந்தக் குழு அறிக்கையைவிடவும் முன்னதாகக் கொடுக்கத்தக்க நூல் அது. அரசு சார்ந்த ஆய்வுகளான, சிறைச் சீர்திருத்தம் குறித்த முல்லா குழு அறிக்கையும், பெண் கைதிகள் குறித்த கிருஷ்ணய்யர் குழு அறிக்கையும் 1980களில்தான் வந்தன.

பெங்களூருவுக்கெனச் சொல்லத்தக்க கல்வி, சிறைத்துறை அல்லாத இரு நிறுவனங்களின் வழியே வந்தது. மாதவ மேனன் தலைமையில் 1988இல் வகுப்புகளைத் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளி, ஐந்தாண்டுச் சட்டக் கல்வியில் இலவசச் சட்ட உதவிப் பணியையும் ஓர் அங்கமாக்கியது. இதற்கிடையே மத்தியச் சிறை 2000ஆம் ஆண்டு வாக்கில் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாறியது. பழைய வளாகம் 2008இல் சுதந்திரப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இரண்டாவது நிறுவனமான, நிம்ஹான்ஸ் என அறியப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தினர் புதிய சிறையில் ஐயாயிரம் கைதிகள் அளவில் ஆராய்ந்து, அவர்களது மனநலம், போதைப்பழக்கம் பற்றிய அறிக்கையை 2011இல் வெளியிட்டனர்.

இவ்விரு தலையீடுகளும் சட்டத்தையும் மருத்துவத்தையும் சார்ந்தவையாக அமைந்தது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. சீர்திருத்தக் கல்வி, தண்டனை பெற்று ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கும் கைதியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. வகைப்படுத்தல், தொழிற்பயிற்சி, விடுதலைக்குப் பிந்தைய மறுவாழ்வு என அதன் பாடங்கள் எல்லாம் அத்தகையவருக்கே பொருந்தும். பரப்பன அக்ரஹாரத்தில், இந்தியச் சிறைகள் பலவற்றைப் போலவே, இருப்போரில் பெரும்பாலோர் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை சட்டத்தின் பார்வையில் அவர்கள் குற்றமற்றவர்கள் என்பதால், அவர்களைத் திருத்துவதற்குச் சிறைக்கு உரிமையே எழுவதில்லை. அவர்களுக்கு உடனே வேண்டியிருப்பவை பிணை மனு எழுதித்தரும் வழக்கறிஞரும், நோயைக் கண்டறியும் மருத்துவரும்தாம்.