முகமூடியைக் கழற்றிய பிறகும்

நம்மில் பலர் வீட்டில் இப்போது கொரியத் தொடர் ஓடுகிறது. பிள்ளைகள் கொரியப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு வரலாற்றை இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

கொரிய மொழியில் ‘அக்புல்’ என்றொரு சொல் உண்டு. ‘அக்’ என்றால் தீமை. ‘புல்’ ஆங்கில ‘ரிப்ளை’யின் வால். இணையத்தில் வந்து விழும் வசைக்கு அதுதான் பெயர். ஒன்றுக்குத் தனிப்பெயரே வந்துவிட்டதென்றால் அது அன்றாடமாகிவிட்டது என்று பொருள்.

2007 ஜூலையில் தென்கொரியா ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரிய தளங்களில் எழுதுகிறவர் முதலில் தன் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். முகமூடியைக் கழற்றினால் வசை அடங்கும் என்பது கணக்கு. அடுத்த ஆண்டே அது பொய்த்தது. சோய் ஜின்-சில் அந்நாட்டின் மிகப் பிரபலமான நடிகைகளில் ஒருவர். மணமுறிவுக்குப் பின் தன் பிள்ளைகளுக்குத் தன் குடும்பப்பெயரையே சட்டப்படி வாங்கிக்கொடுத்தவர். கடன்தொல்லையில் இறந்த ஒரு நடிகருக்கு இவர்தான் பணம் கொடுத்து நெருக்கினார் என்று வதந்தி பரவியது. 2008 அக்டோபர் 2 அன்று, 39 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார்.

2010-இல் ராப் பாடகர் டாப்லோவின் ஸ்டான்ஃபோர்டு பட்டம் போலி என்று ஒரு பெருங்கூட்டம் கிளம்பியது. பல்கலைக்கழகம் உறுதிசெய்தது; காவல்துறையும் உறுதிசெய்தது. கூட்டம் கலையவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது சான்று அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்துசெய்தது. அது கருத்துரிமையை நெரித்தது. வசையைக் குறைத்ததற்கோ தெளிவான சான்றில்லை.

பிறகு 2019. தங்களைப் பற்றிய வசைகளைப் பிரபலங்கள் தாங்களே வாசித்துக்காட்டும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவர் சல்லி. உள்ளாடை அணியாததற்காகவும் பெண்ணியம் பேசியதற்காகவும் ஏசப்பட்ட பாடகி. அக்டோபரில் அவர் மறைந்தார், வயது 25. நவம்பரில் அவர் தோழி கூ ஹாரா, வயது 28. டாம் தளம் அந்த அக்டோபர் கடைசியிலும், நேவர் 2020 மார்ச்சிலும், கேளிக்கைச் செய்திகளுக்குக் கீழே பின்னூட்டங்களை மூடின.

கதவை மூடினால் காற்று நின்றதா? ‘பாரசைட்’ படத்தில் நடித்த லீ சுன்-கியுன் போதைப்பொருள் விசாரணையில் சிக்கினார். சோதனைகளில் எதுவும் தென்படவில்லை. ஆனால் விசாரணைத் தகவல்கள் ஒவ்வொன்றாகக் கசிந்து செய்தியாயின. யூடியூப் மென்று தின்றது. 2023 டிசம்பரில் அவரும் மறைந்தார். அடுத்த மாதம் இயக்குநர் போங் ஜூன்-ஹோ உள்ளிட்ட கலைஞர்கள் திரண்டு, காவல்துறையும் ஊடகமும் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள்.

முகமூடிதான் குற்றவாளி என்று நாம் நம்ப விரும்புகிறோம். அது நமக்கு வசதி. இந்த வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. கல்லெறிகிறவனுக்கு முன்பாகக் கல்லைக் குவித்து வைப்பவன் ஒருவன் இருக்கிறான். வேடிக்கை பார்க்கும் கூட்டம் இருக்கும்வரை அவன் வியாபாரம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் நிற்பதற்குக் கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை; கைப்பேசி இருந்தால் போதும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.