நாய்களில் ஏழாம் உறைவுக் காரணிக் குறைபாடு

நாய்களில் ஏழாம் உறைவுக் காரணிக் குறைபாடு என்பது குருதி உறைவதற்குத் தேவையான புரதங்களுள் ஒன்று போதிய அளவு செயற்படாத மரபுவழிக் குறைபாடு ஆகும். இது பீகிள் இன நாய்களில் பெரிதும் அறியப்பட்டுள்ளது. இக்குறைபாடுடைய நாய்களுட் பெரும்பாலானவை துன்பமின்றி முழு வாழ்நாளும் வாழ்கின்றன. எனினும் இதன் ஆய்வக முடிவு எலிக்கொல்லி நஞ்சின் தொடக்கநிலை முடிவை ஒத்திருப்பதால் இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாததாகும்.

காரணம்

ஏழாம் காரணி உயிர்ச்சத்து கே-யின் துணையுடன் கல்லீரலில் உருவாகிறது. காயம் ஏற்படும்போது இது இழையக் காரணியுடன் இணைந்து குருதி உறைதலைத் தொடக்கி வைக்கிறது. பீகிள் நாய்களில் இப்புரதத்தின் 96-ஆம் இடத்தில் கிளைசீனுக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் அமைவதே குறைபாட்டிற்குக் காரணம் என்பது 2006-இல் வெளியான ஆய்வொன்றில் கண்டறியப்பட்டது. அலாஸ்கன் கிளீ காய் இனத்திலும் இதே மாற்றம் காணப்படுகிறது.

மரபுரிமை

இது பால்சாரா நிறப்புரிவழி வரும் ஒடுங்கு பண்பாகும். எனவே ஈமோஃபிலியாவைப் போல் ஆண் நாய்களை மட்டும் மிகுதியாகத் தாக்குவதில்லை. குறைபாட்டைக் கடத்தும் இரு நாய்கள் இணையும்போது ஒவ்வொரு குட்டிக்கும் குறைபாடு ஏற்பட 25% வாய்ப்பு உண்டு. கடத்தும் நாயை இயல்பான நாயுடன் இணைத்தால் குறைபாடுடைய குட்டி பிறப்பதில்லை.

அறிகுறிகள்

எளிதில் கன்றிப்போதல், அறுவைக்குப்பின் குருதிக்கசிவு நீடித்தல் ஆகியன சில நாய்களில் காணப்படலாம். கடுமையான குருதிப்போக்கு அரிது. பல நாய்களில் அறுவைக்கு முந்தைய சோதனையின்போதே குறைபாடு தற்செயலாகத் தெரியவருகிறது.

கண்டறிதல்

புரோத்திராம்பின் நேரம் நீண்டும், செயலூக்கிய பகுதித் திராம்போபிளாசிட்டின் நேரம் இயல்பாகவும் இருக்கும். புரோமாடையோலோன் போன்ற எலிக்கொல்லியை உண்ட நாயிலும் தொடக்கத்தில் இதே நிலை தோன்றும். நஞ்சு உயிர்ச்சத்து கே-யின் சுழற்சியைத் தடுக்கும்போது, உறைவுக் காரணிகளுள் மிக விரைவில் அழியும் ஏழாம் காரணியே முதலில் குறைவதே இதற்குக் காரணம். பின்னர் மற்ற காரணிகளும் குறைந்து இரு நேரங்களும் நீளும்.

உயிர்ச்சத்து கே அளித்தால் நஞ்சுண்ட நாயின் சோதனை முடிவு சீரடையும். மரபுக்குறைபாட்டில் மாற்றம் இராது. நஞ்சுண்ட நாய்க்குக் குருதிப்போக்கு சில நாட்கள் கழித்தே வெளிப்படும் என்பதால், ஐயமிருப்பின் மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவர் வழியாக உடனே மருத்துவம் தொடங்கப்பட வேண்டும்.

மருத்துவம்

அன்றாட வாழ்வில் மருந்து தேவையில்லை. அறுவையின்போது குருதிப்போக்கு மிகுந்தால் குருதி நீர்மம் ஏற்றப்படுகிறது. மருந்தாய்வுகளில் பீகிள் நாய்கள் பயன்படுத்தப்படுவதால், இக்குறைபாடு முன்னரே அறியப்படாவிடில் நீண்ட உறைவு நேரம் மருந்தின் விளைவெனத் தவறாகக் கொள்ளப்படலாம்.