மறுமொழி
வட்டுக்கோட்டையில் பக்கத்து வீட்டு அண்ணை நீதிமன்ற அழைப்பாணையோடு வந்தார். மகள் படித்த தனியார் பள்ளியொன்று, கட்டாத கட்டணத்துக்காக வழக்குப் போட்டிருக்கிறது. நாலாய் மடித்த தாளில் ‘மறுமொழி’ என்ற சொல்லில் விரலை வைத்து, “தம்பி, மறுமொழி எண்டால் சோதினை மறுமொழிதானே? இதில ஏன் கிடக்கு?” என்றார். பிழையான கேள்வியல்ல. பரீட்சை முடிவுக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். பிள்ளை எழுதியதற்குத் திரும்பி வரும் சொல். எங்கள் அம்மாவின் கடிதங்களெல்லாம் ‘உடன் மறுமொழி போடவும்’ என்றே முடியும். நீதிமன்றம் கேட்பதும் அந்தத் திரும்புசொல்லைத்தான். ‘மறு’வை மறுப்பு என்று மட்டும் எடுத்து, எல்லாவற்றையும் இல்லையென்று சொன்னால் போதும் என நினைப்பவர்கள் உண்டு. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, எதை ஒப்புக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம் என்று பிரித்துச் சொல்லச் சொல்கிறது. பேசாமலிருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வரும். இதே பொருளில் வழங்கும் ‘பதில்’ அரபு வழி வந்தது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று என்பதே அதன் பழம்பொருள். ‘பதிலாள்’, ‘அதற்குப் பதிலாக’ என்பவற்றில் அது இன்னும் இருக்கிறது. கேட்டவர் முகம் பார்த்துச் சொல்வது மறுமொழி. எனக்கு அதுவே உகந்தது. அண்ணையிடம் இரண்டு தவணைக்குக் கட்டிய பற்றுச்சீட்டு இருக்கிறதாம். எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.