கூரை இல்லாத காரும் தெரு இல்லாத மனிதர்களும்

காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, அதுவும் ரெண்டு பேர் உட்காருவதற்கென்று இத்தாலிக்காரன் செய்த திறந்த காரைப் பற்றி, என்று தோழர்கள் கேட்கக்கூடும். பழனி வட்டத்துக் கீரனூரிலிருந்து பார்த்தால் டூரின் நகரம் ரொம்ப தூரம்தான். ஆனால் கூரையில்லாத வண்டியில் ஒருவன் தெருவில் போகிறான் என்றால், அவனை யார் பார்க்கிறார்கள், அப்படிப் போக யாருக்கு உரிமை இல்லை என்கிற கேள்விகள் தூரத்துக் கேள்விகள் அல்ல. ஊர் போய்ச் சேர்வதற்குக் கூரையுள்ள கார் போதும். கூரையில்லாத கார் பார்க்கப்படுவதற்கானது. அதன் கவர்ச்சியின் வரலாறு என்பது, பார்க்கப்படும் உரிமை யாரிடம் இருந்தது என்பதன் வரலாறும்தான்.

1966இல் ஜெனீவா கண்காட்சியில் ஆல்ஃபா ரோமியோ 'ஸ்பைடர்' அறிமுகமானது. வடிவமைத்தது டூரினின் பினின்ஃபரீனா நிறுவனம். அதன் நிறுவனர் பத்திஸ்தா பினின்ஃபரீனா அதே ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார். 'ஸ்பைடர்' என்பது பழைய இலேசான குதிரை வண்டிக்கு இருந்த பெயர். வட்டமாகச் சரியும் அதன் பின்பகுதியைப் பார்த்து இத்தாலியர்கள் 'கணவாய் ஓடு' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 1967இல் 'தி கிராஜுவேட்' படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் அதை ஓட்டினார். அமெரிக்க இளைஞர்களிடையே கார் பிரபலமாகிவிட்டது. சிற்சில மாற்றங்களோடு 1990களின் தொடக்கம் வரை அதே அடிப்படை வடிவில் ஓடியது. மொத்தம் 1,20,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள்.

தனிமனித சுதந்திரத்தின் குறியீடாக விற்கப்பட்ட இந்தக் காரைத் தயாரித்தது அரசுக் கம்பெனி. முசோலினி காலத்தில், 1933இல், ஆல்ஃபா ரோமியோ அரசின் கைக்குப் போனது. 1986இல் ஃபியட்டுக்கு விற்கப்படும் வரை அது அரசுடைமைதான். 'சுதந்திரச் சந்தை' கொடுத்த பரிசு என்று இந்தக் காரைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதே ஆண்டுகளில் இத்தாலியின் தென்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான ஏழை விவசாயிகள் டூரினுக்கும் மிலானுக்கும் ஆலை வேலைக்கு வந்தார்கள். 'தெற்கத்திக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை' என்று டூரின் வீடுகளில் அட்டை தொங்கியது. (நமக்கு இது புதுசா என்ன?) 1969இல் ஃபியட்டின் மிராஃபியோரி ஆலையில் வெடித்த வேலைநிறுத்தங்களில் முன்னால் நின்றவர்கள் இவர்கள்தாம். 'கொதிக்கும் இலையுதிர்காலம்' என்று இத்தாலியத் தொழிலாளர் வரலாறு அதைக் குறிக்கிறது. திறந்த காரின் உள்ளீடற்ற வேகத்தை அங்கேயே புரிந்துகொண்ட கலைஞர்களும் உண்டு. தீனோ ரீசியின் 'இல் சோர்பாசோ' (1962) படத்தில் லான்சியா ஆரேலியா திறந்த காரில் ஒரு ஊதாரி, கூச்ச சுபாவமுள்ள சட்ட மாணவனை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். கடைசியில் கார் பள்ளத்தில் விழுகிறது. சாவது மாணவன், ஓட்டியவன் பிழைத்துக்கொள்கிறான். பொருளாதார 'அதிசயத்தின்' கணக்கு இதுதான் என்று படம் சொல்லிவிடுகிறது.

இந்த இத்தாலியக் கோடுகள் நம்மூருக்கும் வந்தன, வேறு வழியாக. டூரினைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலொத்தி இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்காக 'ஹெரால்ட்' காரை வரைந்தார். 1959இல் அது வெளிவந்தது. ஒற்றைக் கூடாகக் காரைச் செய்யும் முறை பரவிக்கொண்டிருந்த காலம் அது. அப்படிச் செய்துதரும் பாடி கம்பெனி ஒன்று போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், ஹெரால்டைத் தனிச் சேஸிஸ்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பொருத்தினார்கள். இந்தச் சங்கடமே வசதியாகவும் ஆனது. துண்டுகளைப் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பலாம். 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் ஹெரால்ட் தயாரானது.

அந்தக் காரின் கூரையும் போல்ட்டால் மாட்டியதுதான். கழற்றினால் திறந்த கார். இங்கிலாந்தில் 1960இலேயே கம்பெனி அப்படி ஒரு திறந்த ஹெரால்டை விற்றது. 1962இல் அதே சேஸிஸைக் குறுக்கி, மிக்கெலொத்தி வரைந்த உடம்பைப் போர்த்தி 'ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டு இருக்கைப் பந்தயக்காரைக் கொண்டுவந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் ஓடிய வண்டி. ஆக, வண்டலூர்த் தொழிலாளி கையில் இருந்ததும் அந்தத் திறந்த காரின் அடியில் இருந்ததும் ஒரே குடும்பத்து எலும்புக்கூடு.

இங்கே நடந்ததோ நேர் எதிர். கூரை கழற்றப்படவில்லை, கதவுகள் கூடின. 1960களின் பிற்பகுதியில் வந்த நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. பம்பாய் பிரீமியர் ஆலையிலும் இதே கதைதான். ஃபியட் 1100க்கு இத்தாலியில் 1955இலேயே ஒரு திறந்த தங்கை இருந்தாள். இங்கே வந்தது மூடிய குடும்பக் கார் மட்டும். 1974இல் அதற்குப் 'பத்மினி' என்று பெண் பெயரும் வைத்தாயிற்று. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கும் வண்டியில் தாத்தா பாட்டியிலிருந்து மாவு மூட்டை வரை ஏற வேண்டும். வெயிலும் புழுதியும் காரணங்கள்தாம். ஆனால் கூரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வீட்டுப் பெண்ணைத் தெருவின் கண்ணிலிருந்து மறைப்பதும், தெருவின் தீட்டு தன்மேல் படாமல் காப்பதும் அதன் வேலை. நம்முடைய மூடிய கார் சக்கரம் வைத்த வீடு.

அப்படியென்றால் திறந்த காருக்கு இங்கே இடமே இல்லையா? இருந்தது, கல்யாணத்துக்கு முந்தின இரவில். ஜானவாசம், மாப்பிள்ளை அழைப்பு என்றால் எங்கிருந்தாவது ஒரு பழைய திறந்த 'பிளஷர்' வாடகைக்கு வந்துவிடும். பூ அலங்காரம், நாதஸ்வரம், நடுவில் கோட்டு போட்ட மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் காஸ் லைட்டைத் தலையில் சுமந்தபடி கூலிக்காரர்கள். வெளிச்சத்தைச் சுமந்தவர்கள் முகம் எந்த ஆல்பத்திலும் விழுவதில்லை.

இந்தக் கார் பல்லக்குக்கும் சாரட்டுக்கும் வாரிசு. உற்சவர் ஏறிவரும் 'வாகனத்துக்கும்' வாரிசு. ஊர்வலம் என்பது நம்மிடம் தெருவை அளந்து உரிமை கொண்டாடும் செயல். 1707இல் சென்னப்பட்டணத்தில் வலங்கை, இடங்கைச் சாதிகள் மோதிக்கொண்டபோது பிரச்சினை எந்த ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதே. சாமியின் தேரும் எந்தத் தெருவோடு திரும்பிக்கொள்ள வேண்டுமோ அந்தத் தெருவோடு திரும்பிக்கொண்டது. அதற்கப்பால் சேரி.

1931இல் ராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிதிராவிடர்கள்மேல் ஆதிக்க சாதியார் விதித்த தடைகளை ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். கல்யாணத்தில் மேளம் கூடாது. தாலி கட்டுமுன் குதிரை ஊர்வலம் கூடாது. பல்லக்குக்குப் பதிலாகத் தங்கள் வீட்டுக் கதவையே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எந்தக் காரியத்துக்கும் எந்த வண்டியும் கூடாது. கழற்றிய கதவின்மேல் ஒரு மணமகன்! மிக்கெலொத்தியின் கூரை கழற்றிய காரை இதற்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்குக் கூரையில்லாமை விடுதலை. இன்னொருவனுக்குக் கதவு இல்லாத வீடும், வண்டி இல்லாத தெருவும்.

'அதெல்லாம் பழைய கதை' என்கிற சமாதானம் வேண்டாம். 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது உழைத்துச் சேர்த்த டிவியையும் மின்விசிறியையும் விவசாயக் கருவிகளையும். 2012இல் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் தலித் வீடுகளோடு வண்டிகளையும் கொளுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. 'நீயெல்லாம் புல்லட் ஓட்டலாமா' என்று சாதி சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பது புகார். புல்லட்டுக்கும் கூரை கிடையாது. ஓட்டுகிறவன் முகம் தெரியும், சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். அவர்களால் பொறுக்க முடியாதது அதைத்தான்.

ஆகவே வாகன ஆசையை வெறும் 'நுகர்வு மோகம்' என்று தள்ளிவிடும் நம் இடதுசாரிச் சுருக்கெழுத்து போதாது. யாருடைய ஆசை, எந்தத் தெருவில் என்று கேட்க வேண்டும். பழைய கார்ப் பேரணிகளில் மெருகேற்றிய ஹெரால்டுகள் வரும்போது நாமும் நின்று பார்க்கிறோம். அழகான கோடுகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோடுகளுக்குள் மிராஃபியோரித் தொழிலாளியும், 1980களின் இறுதியில் ஆலை மூடியபோது தெருவுக்கு வந்த வண்டலூர்த் தொழிலாளியும் இருக்கிறார்கள். திறந்த காரின் நீடித்த கவர்ச்சி எஞ்சினில் இல்லை. முகத்தை மறைக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், பட்டப்பகலில் ஒரு தெருவைக் கடந்துபோவதில் இருக்கிறது. அந்தச் சாதாரண சந்தோஷத்துக்கு இந்த நாட்டில் இன்னும் கைகளை விலையாகக் கேட்கிறார்கள்.