மைசூர் வாத்தியாரும் என் பி.காம் கணக்கும்

மகளுக்கு இரண்டாம் பியூசி முடியப் போகிறது. "அப்பா, நான் சைக்காலஜி எடுக்கப் போறேன்" என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குண்டைத் தூக்கிப் போட்டாள். விவேக் நகரில் வியாழக்கிழமை என்றாலே தனி அவஸ்தை. குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டத்துக்குள் வண்டியை நுழைத்து வீடு வந்து சேர்வதற்குள் விழி பிதுங்கிவிடும். அந்த எரிச்சலோடு உள்ளே வந்தவனிடம் இது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் சொன்ன கல்லூரியைப் போய்ப் பார்த்தேன். உளவியல் துறையில் மொத்தமே நாலு ஆசிரியர்கள். ஒரு அறை, ஒரு பீரோ, அதற்குள் சில பழைய ஸ்டாப்வாட்ச்கள். "நாலு பேரை வெச்சுக்கிட்டு ஒரு டிபார்ட்மெண்டா? பேசாம பி.காம் எடு, பேங்க் எக்ஸாம் எழுது" என்றேன். தங்கமணி வழக்கம்போல மகள் கட்சி. "முதல்ல அந்தப் படிப்போட கதையைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பேசுங்க" என்று உத்தரவாகிவிட்டது. அப்படித் தெரிந்துகொண்டதுதான் கீழே இருப்பது.

இந்தியாவில் உளவியலுக்கென்று முதல் துறை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916ல் வந்தது. அடுத்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? நமக்குப் பக்கத்திலேயே, மைசூர் மகாராஜா கல்லூரியில், 1924ல். (நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி.போவாஸ் தலைமையில் துறை வந்தது 1943ல்தான்.) அப்போது மைசூரில் துணைவேந்தராக இருந்தவர் பிரஜேந்திரநாத் சீல். துறையை உருவாக்கியவர் எம்.வி.கோபாலசுவாமி, லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மேனிடம் படித்துவிட்டு வந்தவர்.

ஸ்பியர்மேன் என்ற பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பி.காம் படித்தவர்களுக்கு அவரை மறக்க முடியுமா? புள்ளியியல் தாளில் ரேங்க் கோரிலேஷன்! ஆறு சிக்மா டி ஸ்கொயர் என்று ஆரம்பித்து, ஒன்றிலிருந்து கழித்து, பத்து மார்க்கை அள்ளிக்கொண்டு போவோமே, அதே ஆள். ஏதோ கணக்கு வாத்தியார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மனிதர் உளவியல்காரர். ஒரு பாடத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளை மற்ற பாடங்களிலும் நன்றாகப் படிக்கிறதா என்று பார்க்கப் போய்த்தான் 1904ல் இந்தக் கணக்கெல்லாம் வந்திருக்கிறது. மகளிடம் இதை உடனே சொல்லவில்லை. கெத்து போய்விடும்.

கோபாலசுவாமி இன்னொரு வேலையும் செய்தார். 1935 செப்டம்பர் 10ஆம் தேதி, மைசூரில் 'விட்டல் விஹார்' என்ற தன் வீட்டிலேயே 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ஆகாசவாணி. 30 வாட் என்பது ஒரு குண்டு பல்பின் சக்தி. 1940களின் தொடக்கத்தில் நிலையம் மைசூர் அரசின் கைக்குப் போனது, பிறகு அகில இந்திய வானொலியோடு சேர்ந்து, 1955ல் பெங்களூருக்கு வந்தது. பெயரை மட்டும் நாடு முழுக்க எடுத்துக்கொண்டார்கள்.

நான் அதிகம் ஆடிப்போனது பி.குப்புசாமி விஷயத்தில். இவரும் மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். நகரத்துக் குடும்பம் ஒன்றின் சமூக, பொருளாதார நிலையை அளக்க 1976ல் இவர் வெளியிட்ட அளவுகோல், வருமான எல்லைகளை மட்டும் விலைவாசிக்குத் தக்கபடி மாற்றி, இன்றும் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில் புழங்குகிறது. குடும்பத் தலைவரின் படிப்புக்கு 7 மார்க், தொழிலுக்கு 10, குடும்பத்தின் மாத வருமானத்துக்கு 12, ஆக மொத்தம் 29. லோன் அப்ளிகேஷனுக்கு நாங்கள் மார்க் போடுகிற தாள் மாதிரியே இல்லை?

கை சும்மா இருக்குமா! 1976ல் எங்கள் வீட்டுக்கு மார்க் போட்டுப் பார்த்தேன். அப்பா மதுரையில் ஒரு மில்லில் கிளார்க். எஸ்.எஸ்.எல்.சி.க்கு 4. கிளார்க் உத்தியோகத்துக்கு 5. சம்பளம் 450 ரூபாய், அதற்கு 3. மொத்தம் 12, கீழ் நடுத்தர வர்க்கம். நான் பிறப்பதற்கு முந்தைய எங்கள் வீடு ஒரே வரியில் அடங்கிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள், "ஆச்சிக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாள். ஆச்சிக்கு மார்க்கே கிடையாது. படிப்பும் தொழிலும் தலைவருடையதை மட்டும்தான் எண்ணுகிறார்கள். நான் கேட்கிற குறை இது ஒன்றுதான், ஆனால் சின்னக் குறை இல்லை. அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள்.

இங்கே பெங்களூர்க் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவத்துக்கென்று அகில இந்திய நிறுவனம் 1954ல் இங்கே தொடங்கி, 1955லிருந்தே மருத்துவ உளவியலில் டிப்ளமா வகுப்பும் நடத்தியது. முதல் இயக்குநர் எம்.வி.கோவிந்தசுவாமி. (மைசூர் கோபாலசுவாமி வேறு, இவர் வேறு. நானும் முதலில் குழம்பினேன்.) அதுதான் 1974ல் நிம்ஹான்ஸ் ஆனது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். இருந்தும் நம்மவர்களில் பலர் அந்தப் பெயரைச் சொல்லவே குரலைத் தாழ்த்துவார்கள். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அங்கேயும் ஒரு நடை போயிருக்கலாமே என்று சில வீடுகளைப் பற்றி நான் நினைத்ததுண்டு.

விட்ட இடத்துக்கு வருகிறேன். தொழிலுக்குத்தான் மார்க் இல்லையே தவிர, அம்மாவின் தையல் காசு குடும்ப வருமானத்தில் சேரும். 500 ரூபாயைத் தொட்டால் 3 மார்க் 4 ஆகும். அதற்கு மாதம் 50 ரூபாய் வேண்டும். மதுரைக்குப் போன் போட்டேன்.

"அம்மா, எழுபத்தாறுல ஒரு ரவிக்கைக்கு என்ன கூலி வாங்கின?"

"ஒண்ணே கால் ரூபா. லைனிங் வெச்சா ரெண்டு."

"மாசம் நாப்பது தைச்சிருப்பியா?"

"தீபாவளி மாசம்னா அதுக்கு மேலயே தைப்பேன். அது எதுக்குடா இப்ப?"