கண்ணாடியிடம் பெயர் வாங்கிய கல்

போலிக்கு அசலின் பெயரைச் சூட்டுவது வியாபார வழக்கம். அவெஞ்சுரின் என்னும் பச்சைக் கல்லின் கதையோ தலைகீழானது. பெயர் முதலில் கண்ணாடிக்குத்தான் வந்தது.

வெனிஸை அடுத்த முரானோ தீவில், 17ஆம் நூற்றாண்டில், பொன்தூள் தூவினாற்போல் உள்ளே மின்னும் பழுப்புக் கண்ணாடி ஒன்றைச் செய்தார்கள். இத்தாலிய மொழியில் ‘அ வென்தூரா’ என்றால் தற்செயலாக என்று பொருள், அதிலிருந்து ‘அவ்வென்தூரினா’. ஒரு தொழிலாளி கைதவறிச் செப்புத் தூளைக் கண்ணாடிக் குழம்பில் கொட்டிவிட்டார், அதனால் வந்த பெயர் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. கொட்டிய மாத்திரத்தில் அந்த மினுக்கம் வந்துவிடாது. செம்பு குழம்பில் கரைய வேண்டும். காற்றுப் புகாமல் உலையை அடைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அப்போதுதான் செம்பு நுண்படிகங்களாகப் பிரியும். கை தேர்ந்தவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் அது வாய்க்காது. பெயரிலுள்ள ‘தற்செயல்’ இந்த நிச்சயமின்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அதே மினுக்கம் இயற்கைக் கல்லிலும் தெரிந்ததால், கண்ணாடியின் பெயர் கல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. கல், குவார்ட்ஸ்தான், நம்மூர்க்காரர் வெங்கச்சங்கல் என்பது. அதற்கென்று நிறமில்லை. பச்சை முழுவதும் அதற்குள் சிதறிக்கிடக்கும் காக்காப்பொன்னுடையது, அதாவது மைக்காவுடையது. மைக்காவில் அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் குரோமியம் புகுந்தால் அது பச்சையாகும். அந்த வகைக்கு ஃபுக்சைட் என்று பெயர். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபுக்ஸின் நினைவாக வைத்தது. மைக்காவுக்குப் பதில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் இருந்தால் கல் சிவப்போ பழுப்போ ஆகும். ரஷ்யாவின் அல்தாய் மலைப்பகுதிக் கல்லில் ஜார் காலத்தில் பெரும் ஜாடிகளையே குடைந்தார்கள்.

முரானோ கண்ணாடியின் பெயரும் நிலைக்கவில்லை. இன்று கடைகளில் அது ‘கோல்டுஸ்டோன்’, அதாவது தங்கக்கல்!

பச்சை அவெஞ்சுரினுக்குப் பேர்போனது இந்தியா, குறிப்பாகக் கர்நாடகத்தின் மைசூர்ப் பகுதி. ஒளி முழுமையாக ஊடுருவாத கல் என்பதால் வைரம்போல் பட்டை தீட்டுவதில் பயனில்லை. மணியாக உருட்டுவார்கள், வழவழப்பான குமிழாக இழைத்து மோதிரத்தில் பதிப்பார்கள், பிள்ளையாரும் செதுக்குவார்கள். விற்கும்போது மட்டும் ‘இந்திய ஜேட்’ என்ற இரவல் பெயர். ஜேட் வேறு கல். அதன் ஜேடைட் வகையின் ஒப்படர்த்தி சுமார் 3.3, அவெஞ்சுரினுக்கு 2.65 அளவில்தான். ஒரே அளவு மணிகள் இரண்டைத் தராசில் வைத்தால் போதும். தராசு இல்லாவிட்டால் லென்ஸில் பாருங்கள்: மின்னும் செதில்கள் ஜேடில் இருக்காது.